சாச்சி எழும்பக் கூடாத நாள்

எங்கள் சாச்சி நல்ல வளத்தி. உம்மாவின் கூடப் பிறந்த ஒரே தங்கை அவள். உம்மா கட்டை, நானும் கட்டை, மாமா ஏதோ நடுத்தரம். சாச்சி மட்டும் யாரைக் கேட்டு அப்படி வளர்ந்தாளோ தெரியாது. மேல் தட்டில் இருக்கும் ஊறுகாய்ச் சாடியை எடுக்க உம்மா வாங்குப் பலகையைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும். சாச்சி கையை நீட்டினால் போதும். கூரையில் ஓடு விலகினாலும் முருங்கையில் காய் முற்றினாலும் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் சாச்சியைத்தான் கூப்பிடுவார்கள். அந்த நேரத்தில் அவளுடைய உயரத்தை யாரும் குறையாகச் சொன்னதில்லை. கலியாணப் பேச்சு வந்தால் மட்டும் அது பெரிய குறையாகிவிடும்.

எங்கள் மருதமுனையில் மாப்பிள்ளை தேடிப் போவது பெண் வீட்டுக்காரர்தான். பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்து, அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையைக் கூட்டி வந்து வைப்பார்கள். சாச்சிக்கும் வீடு கட்டியாயிற்று. எங்கள் வளவுக்குள்ளேயே, கிணற்றுக்கு அந்தப் பக்கம், சுண்ணாம்பு அடித்துப் பூட்டிக் கிடந்தது. உம்மா ஒவ்வொரு நாள் காலையிலும் அதைத் திறந்து, கூட்டிப் பெருக்கி, மறுபடி பூட்டுவாள். ஆளில்லாத வீட்டில் அப்படி என்ன குப்பை சேரும் என்று கேட்டால் என் முதுகில் ஒன்று விழும்.

இரண்டு இடங்கள் வந்து போயின. முதல் இடத்தில் எல்லாம் பேசி ஒத்துவந்து, மாப்பிள்ளையின் உம்மா பெண் பார்க்க வந்தாள். சாச்சி தேத்தண்ணீர்த் தட்டோடு அறையிலிருந்து வெளியே வந்தபோது அந்த மனுஷி கழுத்தை நிமிர்த்தி, இன்னும் நிமிர்த்தி, கடைசியில் கூரையைப் பார்ப்பதுபோல் பார்த்தாளாம். தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனவர்கள் போனவர்கள்தான். இரண்டாம் இடத்தார் கொஞ்சம் வாய் நீண்டவர்கள். அண்ணாந்து பார்த்துக் குடும்பம் நடத்த எங்கள் மகனுக்கு ஏலாது என்று ஆள் மூலம் சொல்லியனுப்பினார்கள். அந்தப் பேச்சு ஊரெல்லாம் சுற்றி, என்னோடு ஓதப்பள்ளியில் குர்ஆன் ஓதும் பிள்ளைகள் வாய்க்கும் வந்துவிட்டது.

சாச்சி அழுததை நான் காணவில்லை. அவள் குனிந்து நடக்கத் தொடங்கியதைத்தான் கண்டேன். தலை இடிக்காத நிலைப்படியிலும் குனிவாள், திறந்த முற்றத்திலும் குனிவாள். எனக்கு அதைப் பார்க்கவே பொறுக்காது. என்னைத் தோளில் ஏற்றி, எங்கள் வேலிக்கு அப்பால் கடலைக் காட்டிய சாச்சி அவள்.

மூன்றாவதாக இறக்காமத்தில் ஓர் இடம் இருப்பதாக மாமா செய்தி கொண்டு வந்தார். மாமா என்றால் உம்மாவுக்குத் தம்பி, சாச்சிக்கு மூத்தவர். கல்முனை பஸாரில் ஒரு புடவைக் கடையில் வேலைக்கு நின்றவர். ஒரே சீலையை ஒன்பது விதமாக விரித்துக் காட்டிப் பழகிய ஆளுக்கு, எதை எப்படிக் காட்டினால் எடுபடும் என்பதே நினைப்பு. இறக்காமத்துக்காரர்களுக்கு வயல் இருக்கிறது, சொந்தமாக உழவு மெசின், அதுதான் டிராக்டர், இருக்கிறது, மாப்பிள்ளை சிகரெட் கூடத் தொடாதவர் என்றெல்லாம் அடுக்கினார். சாச்சியின் படத்தைப் பார்த்து அவர்களுக்குப் பிடித்துவிட்டதாம். அந்தப் படத்தில் சாச்சி கதிரையில் உட்கார்ந்திருந்தாள்.

இனி நேரில் பார்க்க வேண்டும் என்பார்கள். வீட்டுக்கு வந்தால் தேத்தண்ணீர் கொண்டுவர எழும்பத்தான் வேண்டும். ஆகவே வீட்டில் வேண்டாம், வெளியில் வைத்துக்கொள்ளலாம் என்பது மாமாவின் யோசனை. ஒடுக்கத்துப் புதன் வந்துகொண்டிருந்தது. ஸபர் மாதத்தின் கடைசிப் புதன்கிழமை அது. அந்த மாதத்தில் இறங்கிய முஸீபத்து, கெடுதி எல்லாம் அன்றைக்குத் தண்ணீரோடு போகும் என்று, இஸ்மு என்று ஓதும் வசனங்களை எழுதிய பீங்கான் தட்டைக் கழுவி, அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு, கடலுக்கோ ஆற்றுக்கோ போய்க் குளித்து, அங்கேயே சோறாக்கிச் சாப்பிட்டு வருவோம். இப்போது யாரும் செய்வதில்லை, மார்க்கத்தில் இல்லாதது என்று நிறுத்திவிட்டார்கள். அப்போது எங்களுக்கு அது இன்னொரு பெருநாள். வழக்கமாகக் கடலுக்குப் போகிற நாங்கள் அந்த வருடம் இறக்காமம் குளத்துக்குப் போவது, அவர்களும் தற்செயலாக அங்கே வருவது என்று ஏற்பாடு.

"இரிந்தபடியே பாத்துட்டுப் போகட்டும். அவ எழும்பவே தேவல்ல" என்றார் மாமா.

வாப்பாவுக்கு இந்தக் கூத்துப் பிடிக்கவில்லை. "நிக்காஹ் முடிஞ்சா மறுகா எழும்பாமலா இரிக்கப் போறா?" என்று கேட்டார்.

"மறுகா எழும்பினா என்ன மச்சான்? மறுகா திருப்பிக் குடுக்கேலுமா?" என்றார் மாமா. புடவைக் கடைப் புத்தி.

தறியில் இருந்த சாச்சியிடம் உம்மா போய் விஷயத்தைச் சொன்னாள். சாச்சி "குளம் பெரிசாமா ராத்தா?" என்று மட்டும் கேட்டாள். கல்முனை பஸாருக்கு அப்பால் அவள் எதையும் கண்டவளில்லை.

இதெல்லாம் நான் பின்னாட்களில் கேட்டு அறிந்தது. அன்றைக்கு எட்டு வயதில் இருந்த எனக்குச் சொல்லப்பட்டது வேறு. புறப்படுவதற்கு முதல் நாள் உம்மா என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டு, என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "சாச்சிக்குக் கால் ஏலாது. அங்க போனதும் அவவ எழும்ப உடப்படா. என்ன வேணுமெண்டாலும் நீதான் எடுத்துக் குடுக்கணும், வெளங்கினதா?" என்றாள். எனக்கு நன்றாக விளங்கியது. இரவே சாச்சியின் கால்மாட்டில் உட்கார்ந்து இரண்டு பாதங்களையும் அமுக்கிவிட்டேன். எந்தக் கால் நோகிறது என்று கேட்டதற்குச் சாச்சி கொஞ்சம் யோசித்துவிட்டு, இரண்டும்தான் என்றாள்.

சூறாவளி வந்து எங்கள் தென்னைகளைச் சாய்ப்பதற்கு முந்திய மாரி அது. பக்கத்து வீட்டு உழவு மெசினில் பெட்டியைக் கொளுவி, உள்ளே வைக்கோல் பரப்பி, அதன் மேல் பாய் விரித்து ஏறினோம். பக்கத்து வீட்டுக்காரர் மெசினை ஓட்ட, பின் சக்கரத்து மட்காட்டில் மாமா. பெட்டிக்குள் வாப்பா, உம்மா, சாச்சி, நான், சட்டி பானைகள், கால் கட்டிய கோழிகள். பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது எல்லாம் தாண்டிக் காரைதீவுச் சந்தியில் மேற்கே திரும்பியதும் உப்புக் காற்று போய் நெல் வாசம் வந்தது. சம்மாந்துறைக்கு அப்பால் கண் எட்டிய மட்டும் வயல்தான். வெட்டுக்கு நின்ற வெள்ளாமை, நடுவில் கல்லோயா ஆற்றுத் தண்ணீர் ஓடும் வாய்க்கால்கள், வரம்பில் ஒற்றைக் காலில் கொக்குகள். இன்றைக்கு வேனில் ஏறிக் கண்ணாடியை மூடிக்கொண்டு போனால் அந்த வாசம் எங்கே மூக்குக்கு வருகிறது?

மாமா வழி முழுக்கச் சரித்திரம் சொல்லிக்கொண்டு வந்தார். இறக்காமம் குளத்தைக் கட்டியது ஒரு ராசா என்றார். அவருக்குத் தண்ணீரில் பயம், அதனால்தான் அணைக்கட்டை இவ்வளவு உயரமாகக் கட்டினார் என்றார். சம்மாந்துறை தாண்டியதும் அந்த ராசா ராசாத்தியாகிவிட்டார். குளக்கட்டுக்குக் கீழே வந்து இறங்கியபோது, யானைகள் முதுகு தேய்த்து மழுங்கிப்போன கல்தூண்கள் சில அங்கே சாய்ந்து கிடந்தன. அவற்றைக் காட்டி, இது ஒரு அரபு வியாபாரி குளிக்கக் கட்டிய மண்டபம் என்று முடித்தார். நான் எல்லாவற்றையும் நம்பினேன். மாமா சொல்லும்போது யாராலும் நம்பாமல் இருக்க முடியாது.

அவர்கள் வருவதற்கு முன்பே போய்விட வேண்டும் என்றுதான் விடிய சுபஹ் தொழுதவுடன் கிளம்பியிருந்தோம். குளக்கட்டின் அடியில், பெரிய மருதமரத்து நிழலில் பாய் விரித்து, மரத்தில் சாய்ந்தாற்போல் சாச்சியை உட்கார வைத்தார்கள். கால்களை மடக்கி, சீலையால் மூடி, முக்காட்டை இழுத்துவிட்டு உம்மா தள்ளி நின்று பார்த்தாள். மாமாவும் பார்த்தார். "சரி, இப்பிடியே இரி" என்றார், கடையில் பொம்மைக்குச் சீலை கட்டி முடித்த மாதிரி. பீங்கான் கழுவிய தண்ணீரைப் போத்தலில் கொண்டு வந்திருந்தோம். எல்லாருக்கும் ஒவ்வொரு மிடறு கிடைத்தது. சாச்சியின் பங்கை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஒரு விஷயத்தை மாமா யோசிக்கவில்லை. கட்டுக்குக் கீழே இருந்தால் குளம் தெரியாது. நாங்கள் இருந்த இடத்திலிருந்து பார்த்தால் புல் முளைத்த பெரிய மண்சுவர் மாதிரி அணைக்கட்டும், அதற்கு மேல் வானமும்தான். குளத்தைப் பார்க்க வேண்டுமென்றால் கட்டின் மேல் ஏற வேண்டும். நான் ஏறினேன், இறங்கினேன், மறுபடி ஏறினேன். ஒவ்வொரு முறையும் ஓடி வந்து சாச்சியிடம் கண்டதைச் சொன்னேன். தண்ணீருக்கு நடுவில் பட்ட மரங்கள் நிற்கின்றன, அதில் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காய வைக்கின்றன, ஒருவர் தோணியில் நின்று வலை வீசுகிறார், அந்தப் பக்கக் கரை தெரியவே இல்லை என்றெல்லாம் மூச்சு வாங்கச் சொன்னேன். கரை தெரியாதா என்று சாச்சி கேட்டாள். தெரியாது, மலைதான் தெரிகிறது, நீல நிறத்தில் என்றேன். சாச்சி கட்டின் உச்சியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு தூரம் வந்து குளத்தைக் காணாமல் இருக்கிறாளே என்று எனக்குப் பாவமாக இருந்தது. கால் நல்லாகிவிட்டால் நான் தூக்கிக்கொண்டு போகிறேன் என்று கூடச் சொல்லிவிட்டேன், அவள் இடுப்பளவு இருந்த நான்.

கறி கொதித்து வரும்போது அவர்களுடைய மெசின் வந்தது. மாப்பிள்ளைதான் ஓட்டி வந்தார். பெட்டியிலிருந்து அவருடைய உம்மா, அக்கா, அக்காவைக் கட்டிய மாப்பிள்ளை, அவர்களுடைய மகளாக என் வயதில் ஒரு சிறுமி ஆகியோர் இறங்கினார்கள். மாமா தலையில் கையை வைத்துக்கொண்டு, "என்ன இது, நீங்களும் இஞ்சயா?" என்று ஆச்சரியப்பட்டார். அவ்வளவு பெரிய ஆச்சரியத்தை நான் அதற்குப் பிறகு யார் முகத்திலும் கண்டதில்லை. மாப்பிள்ளை மட்டும் மெசினை விட்டு இறங்கவில்லை. இஞ்சின் சூடேறிவிட்டது, பார்க்க வேண்டும் என்று அக்காவின் மாப்பிள்ளை காரணம் சொன்னார். மாப்பிள்ளை சீட்டில் உட்கார்ந்தபடியே எங்கள் பக்கம் திரும்பி சலாம் சொன்னார். அகன்ற தோள், கத்தரித்த மீசை, வெள்ளைச் சட்டை. ஓரக்கண்ணால் பார்த்த உம்மாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

மாப்பிள்ளையின் உம்மா நேரே வந்து சாச்சிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். உருண்டையான, சின்ன மனுஷி. வந்ததும் வராததுமாகச் சாச்சியின் கையைப் பிடித்துப் புரட்டிப் பார்த்து, தறி வேலையா மகள் என்று கேட்டாள். ஓம் என்றாள் சாச்சி. எங்கே ஓதினாய், என்ன கறி ஆக்கத் தெரியும், பல்லுக்கு என்ன போடுகிறாய் என்றெல்லாம் கேட்டாள். சாச்சி சொன்ன பதில்கள் அவளுக்குப் பிடித்துப்போனது அவள் வெற்றிலை மென்ற விதத்திலேயே தெரிந்தது. நடுவில் அவளுக்குத் தண்ணீர் விடாய் வந்தது. சாச்சி தன்னையறியாமல் கையை ஊன்றி எழும்பப் போனாள். உம்மா என்னைப் பார்த்த பார்வையில் நான் கூஜாவுக்குப் பறந்தேன்.

கூஜா இருந்த இடத்தில் அந்தச் சிறுமியும் ஒரு கோப்பையோடு நின்றாள். மெசினில் இருக்கும் தன் மாமாவுக்குத் தண்ணீர் என்றாள். அவருக்கு வெற்றிலை, அவருக்கு விசிறி என்று அவளும் வந்ததிலிருந்து ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"ஏன், அவருக்கும் கால் ஏலாதா?" என்று கேட்டேன்.

"காலெல்லாம் நல்லாத்தான் இரிக்கி. எறங்கினா கட்டையெண்டு பொண்ணூட்டாக்களுக்குத் தெரிஞ்சிடுமாம். உம்மா எறங்கப்படா எண்டிரிக்கா" என்றாள் அவள், ஒளிவு மறைவில்லாமல். அவர் எழும்பி நின்றால் அவளுடைய உம்மாவின் காதுக்குத்தான் வருவாராம்.

எனக்கு அவர்களை நினைத்துக் கொஞ்சம் இளப்பமாகிவிட்டது. எங்கள் சாச்சிக்கு மெய்யாகவே கால் ஏலாது, இரண்டு காலும், என்று பெருமையோடு சொல்லிவிட்டு வந்தேன்.

மாப்பிள்ளையின் உம்மா தண்ணீர் குடித்துவிட்டு அடுப்புப் பக்கம் போனபோது, சாச்சியின் காதில் நான் இந்தச் செய்தியைப் போட்டேன். அந்த ஆளுக்குக் காலில் ஒரு வருத்தமும் இல்லை, கட்டை என்பதற்காகச் சும்மா ஏறி உட்கார்ந்திருக்கிறார் என்றேன். சாச்சி என்னை ஒரு முறை பார்த்தாள். பிறகு மெசினைப் பார்த்தாள். பிறகு முக்காட்டின் நுனியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். சத்தம் வராத சிரிப்பு, ஆனால் மரத்தில் சாய்ந்திருந்த தோள் இரண்டும் குலுங்கின. அவள் அப்படிச் சிரித்து எவ்வளவு காலமாயிற்று என்று எனக்கே தெரியும். அந்தச் சந்தோஷத்தில், நான் என்ன பகிடி சொன்னேன் என்று கேட்கக்கூட மறந்துவிட்டேன்.

சிரித்து முடிந்த பிறகும் அவள் மெசின் பக்கம் பார்ப்பதை நிறுத்தவில்லை. அந்தச் சிறுமி இப்போது அவருடைய மடியில் ஏறி, சுக்கானைப் பிடித்துத் திருப்பிக்கொண்டிருந்தாள். அவர் வாயால் மெசின் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். நல்ல வெயில், மெசினுக்கு மேலே நிழலில்லை. வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. ஒரு சின்ன வளைவு எடுத்திருந்தால் மெசினை மரத்தடிக்குக் கொண்டு வந்திருக்கலாம். ஆனால் கிட்ட வரப்படாது என்று அவருக்கும் யாரோ கட்டளை போட்டிருக்க வேண்டும். "பாவம்" என்றாள் சாச்சி மெதுவாக.

சோறு இறங்கியது. பெண்களுக்கு ஒரு பாய், ஆண்களுக்குச் சற்றுத் தள்ளி ஒரு பாய். இரண்டு பாயிலும் நடுவில் சஹன். பெரிய தட்டில் நெய்ச்சோறு குவித்து, மேலே கோழிக்கறி வைத்து, எல்லாரும் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் கை வைத்துச் சாப்பிடுவதுதான் எங்கள் வழக்கம். ஒரு சஹனில் சேர்ந்து உட்கார்ந்துவிட்டால் பிறகு அந்நியம் இல்லை. கலியாணப் பேச்சுக்கு வந்த இடத்தில் சஹனுக்கு வராமல் இருப்பதென்றால், உங்களோடு எனக்கு ஒட்டு வேண்டாம் என்று வாயால் சொல்வதற்குச் சமம். மாமாவும் யோசிக்கவில்லை, அவர்களும் யோசிக்கவில்லை. இரண்டு பக்கமும் ஆளை மறைப்பதில் இருந்த கவனத்தில் சாப்பாட்டை மறந்துவிட்டார்கள்.

ஆண்கள் உட்கார்ந்து, பிஸ்மி சொல்லி, கை வைக்காமல் மாப்பிள்ளைக்காகக் காத்திருந்தார்கள். சோற்றிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. மாப்பிள்ளை வரவில்லை. அக்காவின் மாப்பிள்ளை இருமிவிட்டு, மெசினில் இன்னும் கொஞ்சம் கோளாறு, விட்டுவிட்டு வர ஏலாதாம், அங்கேயே சாப்பிடட்டும் என்றார். சிறுமி ஒரு பீங்கானில் சோறு அள்ளிக்கொண்டு மெசினுக்குப் போனாள்.

வாப்பா அதிகம் பேசாத மனுஷன். ஆனால் கோபம் வந்தால் மெதுவாகப் பேச வராது. மாமாவின் பக்கம் குனிந்து ரகசியமாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "நாமெல்லாம் நெலத்துல, அவரு சிம்மாசனத்துலயா? சஹனுக்கு வராதவன் நம்மட ஊட்டுக்கு வந்து என்னத்தக் கிழிக்கப் போறான்? திண்டதும் கெளம்புவம்" என்றார். பெண்களின் பாய் வரைக்கும் அது தெளிவாகக் கேட்டது.

மாப்பிள்ளையின் அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அவருடைய உம்மாவின் கை சோற்றில் அப்படியே நின்றது. மகன் கட்டை என்று சொன்னாலும் பேச்சு முறியும், சொல்லாவிட்டாலும் பெருமைக்காரன் என்று பேச்சு முறியும். எங்கள் உம்மாவின் முகம் இன்றைக்கும் எனக்கு நினைவிருக்கிறது. பூட்டிக் கிடக்கும் வீடும், ஊர் வாயும், இனி நாலாவது இடத்துக்கு எங்கே போவது என்பதும், எல்லாம் அந்த முகத்தில் இருந்தன. அன்றைக்கு எனக்கு அது தெரியவில்லை. கோழியின் ஈரலை யார் எடுப்பார்கள் என்பதில் என் கண் இருந்தது.

சாச்சி கையைக் கழுவினாள். பிறகு எழும்பினாள்.

உம்மா சட்டென்று அவளுடைய சீலையைப் பிடித்து, "இரி, இரி புள்ள" என்று இழுத்தாள். நானும் இந்தப் பக்கம் பிடித்துக்கொண்டு, என்ன வேண்டும் சாச்சி, நான் எடுத்துத் தருகிறேன் என்றேன். அது என் வேலையல்லவா?

"இரிந்தது காணும் ராத்தா" என்றாள் சாச்சி. "எனக்குக் குளத்தப் பாக்கணும்."

சீலையை விடுவித்துக்கொண்டு, முக்காட்டைச் சரி செய்து, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டாள். எதையும் அவசரமாகச் செய்யவில்லை. மாப்பிள்ளையின் உம்மா கீழிருந்து மேலாகப் பார்த்துக்கொண்டே போனாள். பார்க்கப் பார்க்கச் சாச்சி முடிகிற மாதிரி இல்லை. ஆண்களின் பாயில் மாமா இரண்டு கண்களையும் மூடிக்கொண்டார். சாச்சி மெசினுக்கு முன்னால்தான் போனாள், வேறு வழியும் இல்லை. சீட்டில் இருந்தவருக்கும் நடந்து போனவளுக்கும் முகம் ஏறக்குறைய நேருக்கு நேர் வந்தது. அவள் நிற்கவில்லை, தலையைக் குனியவுமில்லை. கட்டின் மேல் ஏறி, உச்சியில் போய் நின்று, குளத்தைப் பார்த்தாள். எங்களுக்கு அவளுடைய முதுகும், காற்றில் அடித்த சீலையும்தான் தெரிந்தன. கட்டின் மேல் நின்றதால் இன்னும் வளத்தியாகத் தெரிந்தாள்.



அப்போதுதான் மெசினில் இருந்தவர் பீங்கானை மட்காட்டின் மேல் வைத்தார். சுக்கானைப் பிடித்துக்கொண்டு திரும்பி, ஒரு காலைப் படியில் ஊன்றி, மற்றக் காலை நிலத்துக்கு விட்டார். நிலம் வர அவருக்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது. இறங்கியதும் சாரத்தை உதறிக் கட்டிக்கொண்டு, ஆண்களின் பாய்க்கு நேரே நடந்து வந்தார். அவருடைய அக்கா "தம்பி" என்று ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு மூடிக்கொண்டாள். வந்தவர் இன்னொரு தடவை சலாம் சொன்னார். வாப்பா உட்கார்ந்தபடியே நிமிர்ந்து அவரைப் பார்த்தார். அதிகம் நிமிர வேண்டியிருக்கவில்லை. பிறகு கட்டின் மேல் நின்றவளைப் பார்த்தார். பிறகு நகர்ந்து இடம் விட்டு, சஹனில் இருந்த நல்ல துண்டை அவர் பக்கமாகத் தள்ளி வைத்தார். மாப்பிள்ளை கையைக் கழுவிக்கொண்டு சோற்றில் கை வைத்தார்.

இனி மிச்சமிருந்தது அவருடைய உம்மா ஒருத்திதான். அவள் குளக்கட்டின் உச்சியைப் பார்த்தாள். மகனைப் பார்த்தாள். மறுபடி கட்டைப் பார்த்தாள். இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஏலாத தூரம், தலையை அங்கும் இங்கும் திருப்ப வேண்டியிருந்தது. எனக்குப் பசி, ஈரல் இன்னும் யாரும் தொடாமல் அப்படியே இருந்தது.

"எங்கட புள்ளயக் கூப்பிடுங்க" என்றாள் மாப்பிள்ளையின் உம்மா. "சோறு ஆறுது."

உம்மா முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு என் முதுகில் தள்ளினாள். நான் கட்டின் மேல் ஓடி ஏறினேன். மேலே நல்ல காற்று. நீர்க்காகங்கள் எல்லாம் ஒரே பக்கமாகத் திரும்பி உட்கார்ந்திருந்தன. சாச்சி அசையாமல் நின்றாள், கன்னம் நனைந்திருந்தது. கால் நோகிறதா சாச்சி என்று கேட்டேன். இல்லை, நல்லாயிட்டுது என்றாள். பீங்கான் கழுவிய தண்ணீர் குடித்தோமே, பிறகு ஏன் நல்லாகாது என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அடுத்த நாள் ஓதப்பள்ளியில் எல்லாரிடமும் சொல்ல வேண்டும் என்றும் நினைத்துக்கொண்டேன்.

அந்த மூத்தம்மா உங்களைக் கூப்பிடச் சொன்னா, எங்கட புள்ளயக் கூப்பிடுங்க, சோறு ஆறுது எண்டா என்று சொன்னேன்.

சாச்சி குளத்திலிருந்து முகத்தைத் திருப்பி, "என்னெண்டு சொன்னா?" என்று கேட்டாள்.

திரும்பவும் சொன்னேன். அவள் என் இரண்டு தோள்களையும் பிடித்துக்கொண்டு குனிந்து, "எங்கட புள்ள எண்டா சொன்னா? மெய்யாவே அப்பிடித்தானா சொன்னா?" என்று மறுபடி கேட்டாள். அவ்வளவு பக்கத்தில் நின்று சொல்லியும் விளங்கவில்லை என்றால் நான் என்ன செய்வது? கட்டின் மேல் காற்று பலம், அதுதான் அவளுக்குக் காது அடைத்துவிட்டது என்று நினைத்தேன். காலுக்குக் கேட்ட தண்ணீர் காதுக்குக் கேட்கவில்லைப் போலும். ஆகவே மூச்சை நன்றாக இழுத்து, இருக்கிற தொண்டை முழுவதையும் திறந்து, எங்கட புள்ளயக் கூப்பிடட்டாம் என்று கத்தினேன்.

கீழே இரண்டு பாயிலும் இருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். ஆண்களின் சஹனில் ஒருவருடைய கை வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது. பிறகு யாரோ சிரித்தார்கள், பிறகு எல்லாரும். சாச்சி முக்காட்டுக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு என் கையைப் பிடித்து இறங்கத் தொடங்கினாள். காது கேட்காத ஆளுக்குச் சத்தமாகச் சொன்னதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு ஒரே கோபம். வீடு வந்து சேரும் வரைக்கும் நான் யாரோடும் கதைக்கவில்லை.